தேக்குத் தூணும் மூணு வருஷக் கம்ப்யூட்டரும்

காரைக்குடி செக்காலை ரோட்டில் எங்கள் அலுவலகம். ஆறு கம்ப்யூட்டர், ஏழு பேர். கடைகளுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் கணக்கு எழுதித் தருகிறோம். தாத்தா பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் பேரேடு எழுதியவர். அதே தொழிலை நான் பிரைவேட் லிமிடெட் ஆக்கினேன். போர்டு மாட்டிய அன்று அம்மா கேட்டார்: "லிமிடெட்னா என்னப்பா?"

"கடன் கொடுத்தவன் கம்பெனியைத்தான் கேக்க முடியும்மா. நம்ம வீட்டு வாசலுக்கு வரமாட்டான்" என்றேன். அந்தப் பெருமை ஆறு மாசம்தான் நிலைத்தது.

ஆறு மெஷினுக்கு 3 லட்சம் ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 3,54,000. அவசரத்துக்கு இந்த ஊரில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். மனைவியின் நகையை என் பெயரில் அடகு வைத்து, பணத்தைக் கம்பெனிக் கணக்கில் போட்டேன். மெஷின் வாங்குமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லப் போனேன்.

"இந்தப் பணம் ஏது?"

"நகைக் கடன் சார்."

பேனாவை மூடி வைத்துவிட்டார். பிரைவேட் கம்பெனிக்கு இயக்குநர் கடன் கொடுக்கலாம். ஆனால் 'இது நான் வெளியே கடன் வாங்கிக் கொடுக்கும் பணம் அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 2014-ஆம் ஆண்டு வைப்புத்தொகை விதி அது. நகைக் கடன் பணத்துக்கு அப்படி எழுதினால் பொய். எழுதாவிட்டால் அது கம்பெனி வாங்கிய டெபாசிட் ஆகிவிடும்; அதற்குத் தனிச் சட்டம், தனித் தலைவலி. சொந்தச் சேமிப்பாக இருந்தால் கடனாகவும் கொடுக்கலாம், பங்கு மூலதனமாகவும் போடலாம். நகையைத் திருப்பிவிட்டு, கம்பெனி பெயரிலேயே கடன் தேடினேன்.

முதலில் ஒரு ஃபைனான்ஸ்காரர். "பத்தே சதவீதம்தான் சார், ஃபிளாட்" என்றார். 3 லட்சத்துக்கு மூன்று வருஷத்தில் 90,000 வட்டி, மாசம் 10,833. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. மாசாமாசம் அசல் குறைந்துகொண்டே போனாலும் வட்டி மட்டும் முழு 3 லட்சத்துக்கே ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 18 சதவீதம். வட்டிக் கணக்கைக் கரைத்துக் குடித்த ஊர்க்காரனிடமே இப்படி!

அப்புறம் வங்கி. இந்த ஊருக்கு வங்கி புதிதல்ல. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ல் தொடங்கியபோது, சென்னை, ரங்கூனோடு அதே நாளில் காரைக்குடியிலும் கிளை திறந்தது. அந்தக் காலத்துச் செட்டியார்களுக்குள் விலாசம்தான் ஜாமீன். பெயருக்கு முன்னால் இருக்கும் இரண்டு மூன்று எழுத்தைப் பார்த்தே பணம் கைமாறும். எனக்கு விலாசம் ஏது? வங்கியில் என் கடன் வரலாற்றுக்கான சிபில் மதிப்பெண் பார்த்தார்கள், சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு கேட்டார்கள். வீட்டுப் பத்திரம் கேட்கவில்லை. சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை வேறு சொத்தை அடமானமாகக் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லியிருந்தது, சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற அரசு அறக்கட்டளையின் உத்தரவாதம் இருக்கிறது, அதற்குக் கட்டணம் நம் தலையில். ஆனால் கடைசித் தாளில் என் சொந்தக் கையெழுத்தைக் கேட்டார்கள். கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்ட வேண்டும் என்கிற ஜாமீன். அம்மாவிடம் சொன்ன 'லிமிடெட்' அந்தத் தாளோடு போயிற்று. இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

"அஞ்சு வருஷமாப் போட்டுக்கங்க, தவணை குறையும்" என்றார் மேனேஜர். மூன்று போதும் என்றேன். எங்கள் பக்கத்து வீடுகளில் பர்மா தேக்குத் தூண் நூறு வருஷமாக நிற்கிறது. அதற்கு நீண்ட கடன் வாங்கினால் நியாயம். கம்ப்யூட்டருக்குக் கம்பெனிச் சட்டமே மூன்று வருஷம்தான் ஆயுள் எழுதியிருக்கிறது. செத்த மெஷினுக்கு இரண்டு வருஷம் தவணை கட்ட எனக்கு மனசில்லை. மெஷினை வாடகைக்கு எடுப்பது இன்னொரு வழி. வாடகை முழுவதும் செலவாகக் காட்டலாம். நான்கைந்து மாச வேலைக்கு அது சரி, எங்களுக்கு ஒத்துவரவில்லை.

செப்டம்பரிலேயே வாங்கி ஓடவிட்டோம். வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதிதான். அக்டோபரின் முதல் சில நாட்களைத் தாண்டியிருந்தால் 1,20,000 கழிக்க வேண்டிய இடத்தில் 60,000-தான் கழிந்திருக்கும். பில் கம்பெனி பெயரில், கம்பெனி ஜி.எஸ்.டி. எண்ணோடு இருந்ததால் 54,000 உள்ளீட்டு வரியாகத் திரும்பியது. என் பெயரில் பில் போட்டிருந்தால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

கடைசித் தவணை போன மாசம் கட்டியாயிற்று. ஆறில் நாலு மெஷின் இன்னும் ஓடுகிறது. தவணை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். மெஷினின் பேரில் வங்கிக்கு இருக்கும் உரிமை கம்பெனிப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் சி.எச்.ஜி.-4 படிவம் போட்டு அதை நீக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த கடனுக்குப் போகும்போது, கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகவே பதிவேடு காட்டும்.