கோப்பின் வாலைப் பாருங்கள்

சிராங்கூன் சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீட்டில் பெரியம்மா ஒருவர் என்னைக் கணினிமுன் உட்காரவைத்தார். "தம்பி, பார்சல் நிக்குதாம், ரசீதைத் திறந்து பாருன்னு மெயில் வந்திருக்கு. திறக்கவா?" மதுரையிலிருந்து தங்கை அனுப்பிய சேலைக்காகக் காத்திருந்தவர் அவர். ரசீதை இறக்கியும் வைத்துவிட்டார்; நல்ல வேளை, திறக்கவில்லை.

திரையில் அதன் பெயர் 'ரிசீட்.பிடிஎஃப்' என்றுதான் தெரிந்தது. 'வியூ' பட்டியலில் கோப்பின் முழுப் பெயரையும் காட்டச் சொன்னேன். பின்னால் ஒளிந்திருந்த வால் வெளியே வந்தது: '.ஈஎக்ஸ்ஈ'. ரசீது அல்ல, கணினியில் ஓடக்கூடிய நிரல். அப்படியே அழித்தோம்.

இது பழைய தந்திரம். 2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸும் இப்படித்தான் வந்தது. கண்ணுக்குத் தெரிந்தது '.டிஎக்ஸ்டி', விண்டோஸ் மறைத்தது '.விபிஎஸ்'. திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அது தானே கடிதம் போட்டது. அனுப்பியவர் பெயர் தெரிந்த பெயராக இருந்ததால்தான் உலகமே ஏமாந்தது. ஆகவே 'தெரியாதவர் மெயிலைத் திறக்காதே' என்ற அறிவுரை மட்டும் போதவே போதாது.

நம் சிங்கப்பூர்க் கதை இதைவிடக் கசப்பு. 2018 ஜூலையில் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடுபோனது தெரியவந்தது. 1 லட்சத்து 60 ஆயிரம் பேரின் மருந்து விவரமும் போனது. அவர்களில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். 2017 ஆகஸ்டிலேயே திருடர்கள் நுழைந்துவிட்டார்கள். பெரும்பாலும் ஏமாற்று மின்னஞ்சல் வழியாகத்தான் என்றது விசாரணைக் குழு. உரிய திருத்தம் போடாத அவுட்லுக்கும் அவர்களுக்குக் கைகொடுத்தது.

பெரிய மருத்துவமனைக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டுக் கணினிக்குக் காவல் யார்? பெரியம்மாவின் கணினியில் இன்னமும் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆளில்லாத வீடு மாதிரி அது. மாற்ற முடிந்தால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். கூடவே வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்காதீர்கள். பேரப்பிள்ளைகளின் படங்களைத் தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, கம்பியைக் கழற்றி அலமாரியில் வையுங்கள்; கணினியோடு மாட்டியே கிடந்தால் வைரஸ் அதையும் விடாது.

வங்கி பெயரில் லிங்க் வந்தால் தொடவே வேண்டாம். 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் சுமார் 790 பேர் 1 கோடியே 37 லட்சம் வெள்ளி இழந்தார்கள். அதன்பின் இங்குள்ள வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் லிங்க் வைப்பதை நிறுத்தின.

இந்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு வந்ததும், அம்மா அப்பாவின் கணினிமுன் அரை மணி நேரம் உட்காருங்கள். கோப்புகளின் வாலைக் காட்டும்படி மாற்றிக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் கேட்க 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணைத் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இரவானாலும் பகலானாலும் எடுப்பார்கள்.