பாப்பா எங்கே தூங்கணும்?

தூளியா, தொட்டிலா, அம்மா பக்கத்திலா... ராத்திரி விளக்கை அணைக்கும் முன் ஒரு நிமிஷம்!

வீட்டுக்குப் புதுசாக ஒரு குட்டி விருந்தாளி வந்தாச்சு. யார் ஜாடை, என்ன பெயர் வைக்கலாம், தொட்டில் போடுவதற்கு எந்த நாள் நல்ல நாள் என்று பேசுவதற்கு ஆயிரம் விஷயம். ஆனால், ஒரு நாளில் 16 மணி நேரம் வரை தூங்கப்போகிற அந்த விருந்தாளியை எப்படிப் படுக்கவைப்பது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. 'இதிலே பேச என்ன இருக்கு? தூக்கம் வந்தா தூங்கிட்டுப் போகுது' என்று விட்டுவிடுகிறோம்.

பேச வேண்டியது நிறையவே இருக்கிறது. நன்றாகப் பால் குடித்து, சிரித்து விளையாடிய குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோவது அபூர்வம்தான். ஆனாலும் உலகம் முழுக்க நடக்கிறது. மேல்நாட்டில் இதைத் 'தொட்டில் மரணம்' என்பார்கள். நம் ஊரில் 'பால் புரையேறிடுச்சு' என்று சொல்லி, பெற்றவளையே குற்றவாளி ஆக்கிவிடுவார்கள். இப்படிப்பட்ட மரணங்களில் பெரும்பாலானவை முதல் 6 மாதத்துக்குள் நடக்கின்றன. அதிலும் 2 முதல் 4 மாதம் வரை ஆபத்து அதிகம். எல்லாவற்றையும் தடுக்க முடியாது என்றாலும், படுக்கையைச் சரிசெய்தாலே பலவற்றைத் தடுக்கலாம். அதற்குக் காசு செலவே இல்லை என்பதுதான் நல்ல செய்தி!

மல்லாக்கத்தான்... எப்போதும்!

முதல் விதி இதுதான். பகல் தூக்கமோ ராத்திரி தூக்கமோ, குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள். குப்புறப் போடக்கூடாது. ஒருக்களித்தும் வேண்டாம். ஒருக்களித்துப் படுத்த குழந்தை தூக்கத்தில் சரிந்து குப்புற விழுந்துவிடும்.

'இது எங்க பாட்டிக்கே தெரியுமே' என்கிறீர்களா? உண்மைதான். நம் வீடுகளில் குழந்தையை மல்லாக்கப் போடுவதுதான் வழக்கம். மேல்நாட்டுக்காரர்கள்தான் நடுவில் வழி தவறினார்கள். டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருந்தது. 1950-களில் வந்த பதிப்பில், குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதே நல்லது என்று அவர் எழுதினார். வாந்தி எடுத்தால் மூச்சில் சிக்காது என்று காரணமும் சொன்னார். நம்பிக் கடைப்பிடித்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள்.

பிறகு, இறந்த குழந்தைகள் எப்படிப் படுத்திருந்தார்கள் என்று நியூஸிலாந்து, பிரிட்டன் போன்ற நாடுகளில் கணக்கெடுத்தபோதுதான், குப்புறப் படுத்த குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. 1991-ல் பிரிட்டனில் 'மல்லாக்கப் படுக்கவையுங்கள்' என்று பிரசாரம் தொடங்கினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992-ல் 'குப்புற வேண்டாம்' என்றது. 1994-ல் அங்கேயும் நாடு தழுவிய பிரசாரம் வந்தது. அடுத்த பத்து வருடத்துக்குள் அமெரிக்காவில் தொட்டில் மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. புது மருந்து, தடுப்பூசி எதுவும் இல்லை. படுக்கும் விதத்தை மாற்றியதுதான் பெரிய காரணம்!

'மல்லாக்கப் படுத்தா பால் புரையேறாதா?' என்பது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. ஏறாது. மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். எதிர்த்து வரும் பால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கஷ்டம். குழந்தையும் அதை விழுங்கிவிடும் அல்லது இருமித் துப்பிவிடும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடுகிறது. பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டி ஏப்பம் விடவைத்து, 10 நிமிஷம் கழித்துப் படுக்கவைத்தால் போதும்.

'தலை தட்டையாயிடும்' என்பது அடுத்த கவலை. குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து, தினமும் சில நிமிஷம் குப்புறப் போட்டு விளையாடவிடுங்கள். கழுத்தும் தோளும் பலமாகும், தலையும் உருண்டையாகும். அதற்காகக் கடுகுத் தலையணை வாங்கி வைக்கத் தேவையில்லை.

4 முதல் 6 மாதத்தில் குழந்தை தானே புரள ஆரம்பிக்கும். அப்போதும் நீங்கள் மல்லாக்கவே படுக்கவையுங்கள். இரண்டு பக்கமும் தானாகப் புரண்டு திரும்பத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் குப்புறத் திரும்பினால், எழுப்பித் திருப்பிப்போட வேண்டாம்.

மெத்து மெத்து வேண்டாம்!

அடுத்தது படுக்கை. 'பூப்போல இருக்கணும்' என்றுதான் நமக்கு ஆசை. அங்கேதான் தப்பு நடக்கிறது. மெத்தை அமுங்கினால் குழந்தையின் முகம் அதில் புதையும். தான் விட்ட மூச்சுக்காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். நமக்கு அப்படி ஆனால் தூக்கத்திலேயே தலையைத் திருப்பிக்கொள்வோம். 2 மாதக் குழந்தைக்குத் தலைதான் பெரிய பாரம், கழுத்தோ தளிர். திணறும்போது விழித்துக்கொள்ளும் திறமையும் சில குழந்தைகளுக்கு இன்னும் முழுசாக வந்திருக்காது.

அதனால் படுக்கை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுத்தால், பள்ளம் விழாமல் உடனே பழையபடி ஆகணும். தரையில் பாய், அதன்மேல் இரண்டு மூன்றாக மடித்த பருத்திப் போர்வை, ரப்பர் ஷீட், மேலே சுருக்கமில்லாமல் இழுத்து விரித்த ஒரு வேட்டித்துணி... இது ஏழை வீட்டுப் படுக்கை என்று நினைக்காதீர்கள். விலை உயர்ந்த ஃபோம் மெத்தையைவிட இதுவே மேல்! எறும்பு வராத இடமாகவும், ஆள் நடமாட்டத்தில் மிதிபடாத மூலையாகவும் பாருங்கள். மரத்தொட்டில் என்றால் கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தைக்கும் தொட்டில் விளிம்புக்கும் நடுவே சந்து இருக்கக் கூடாது.

சோபாவில் குழந்தையைத் தூங்கவைக்கவே கூடாது. மார்பில் குழந்தையைப் போட்டுக்கொண்டு அப்பா டி.வி. பார்த்தபடியே கண்ணயர்வது பார்க்க அழகுதான். ஆனால் குழந்தை சரிந்து, சோபா இடுக்கில் முகம் புதைந்தால் சத்தமே வராது.

சாய்வான படுக்கைகளும் அப்படித்தான். தலைப்பக்கம் உயரமாக இருந்தால், குழந்தையின் தாடை நெஞ்சில் போய் முட்டி மூச்சுவழி மடங்கும். அமெரிக்காவில் பிரபலமாக விற்ற சாய்வுப் படுக்கை ஒன்று, 30-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புபடுத்தப்பட்டு 2019-ல் திரும்பப் பெறப்பட்டது. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்பதற்கே 2022-ல் அங்கே சட்டம் போட்டுத் தடைவிதித்தார்கள். கார் சீட்டிலோ தள்ளுவண்டியிலோ தூங்கிவிட்டாலும், வீட்டுக்கு வந்ததும் சமமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

காலியாக இருப்பதே அழகு!

குழந்தை பார்க்க வருகிறவர்கள் ஆசையாக வாங்கி வருவது என்ன? கொசுவலையோடு ஒரு குட்டி மெத்தை, அதற்குள் குட்டித் தலையணை, இரண்டு பக்கமும் குட்டி உருளைத் தலையணைகள், கூடவே ஒரு கரடி பொம்மை. கொசுவலையை வைத்துக்கொள்ளுங்கள். தலையணைகளையும் பொம்மையையும் எடுத்து அலமாரியில் பத்திரப்படுத்துங்கள். ஒரு வயது வரை குழந்தைக்குத் தலையணை தேவையில்லை. 'உருண்டு விழாம இருக்கட்டும்' என்று இரண்டு பக்கமும் அணை கட்டுகிறோமே, அந்த அணையே முகத்தை அடைக்கலாம்.

திருஷ்டிக்குக் கழுத்தில் கட்டும் கறுப்புக் கயிறு, நீளமான செயின், ஊக்கில் குத்திய தாயத்து ஆகியவற்றைத் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். தலைமாட்டில் இரும்போ வேப்பிலையோ வைப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால், பாட்டி மனசு நோகாமல் அதைக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். குழந்தையின் படுக்கையில் குழந்தை மட்டும்தான்!

தூளி... என்ன செய்யலாம்?

நம் ஊரில் தூளி ஆடாத வீடு ஏது? அம்மாவின் பழைய புடவை, அதன் வாசனை, மெல்லிய ஆட்டம்... குழந்தை சொக்கிப்போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கில் பார்த்தால் தூளி தேறாது. அது சமமாக இல்லை. குழந்தை வளைந்து கிடக்கும், தாடை நெஞ்சைத் தொடும், துணி முகத்தின் மேல் மூடும்.

எனவே, ராத்திரி முழுக்கத் தூளியில் விடாதீர்கள். பகலில் ஆட்டித் தூங்கவைத்தால், கண்ணயர்ந்ததும் மெதுவாக எடுத்துச் சமமான படுக்கையில் போடுங்கள். தூளியில் இருக்கும்வரை விழித்திருக்கிற பெரியவர் ஒருவர் முகம் தெரியும்படி பக்கத்தில் இருக்கணும். துணி மூடிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே கட்டை கொடுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் உயரம் வேண்டாம். குறைப்பிரசவக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் தூளியே வேண்டாம். குழந்தை புரள ஆரம்பித்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

இன்னொன்று... குழந்தையை எடுத்ததும் காலித் தூளியை மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள். 6 வயது, 8 வயதுப் பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடி, கழுத்து இறுகி இறந்த செய்திகள் பத்திரிகைகளில் வந்தபடியே இருக்கின்றன.

அம்மாவின் பக்கத்தில்...

குழந்தை அம்மாவின் அறையில்தான் தூங்கணும். குறைந்தது முதல் 6 மாதம். இது தொட்டில் மரண ஆபத்தைக் குறைக்கிறது. தாய்ப்பால் குடிப்பதும் அப்படியே. ஆனால் அதே படுக்கையில் சேர்ந்து படுக்காமல், கை எட்டும் தூரத்தில் குழந்தைக்குத் தனிப் படுக்கை போடுவதே பாதுகாப்பு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-லும் சொல்லியிருக்கிறது.

'ராத்திரி நாலு தடவை எழுந்து பால் கொடுக்கிறேன். எப்போ தூங்கிப்போறேன்னே தெரியலை' என்கிற அம்மாக்கள்தான் அதிகம். அது உங்கள் குற்றம் இல்லை. களைப்பு! பால் கொடுக்கும்போது தூங்கிவிடுவோம் என்று தோன்றினால், சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்காராதீர்கள். அவற்றைவிடப் படுக்கையில் ஆபத்து குறைவு. முன்கூட்டியே தலையணை, கம்பளி, ரஜாய் எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். சுவரோரச் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். தலைமுடியைப் பின்னிக் கொண்டை போடுங்கள். மூத்த குழந்தையைக் கைக்குழந்தை பக்கத்தில் போடாதீர்கள். கண் விழித்ததும் பாப்பாவை அதன் இடத்துக்கு மாற்றுங்கள்.

கீழே சொல்பவர்கள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது. சிகரெட், பீடி பிடிப்பவர், குடித்திருப்பவர், தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிட்டவர். குழந்தை 37 வாரத்துக்கு முன்பே பிறந்திருந்தாலோ, பிறந்தபோது இரண்டரை கிலோவுக்குக் குறைவாக இருந்திருந்தாலோ யாருமே கூடாது. சிசேரியன் ஆகி மாத்திரை சாப்பிடும் அம்மாவும், அந்த மாத்திரை தூக்கத்தை வரவழைக்குமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கேதான் வீட்டில் மற்றவர்களின் உதவி வேண்டும். ராத்திரி பால் கொடுத்து முடித்ததும், குழந்தையை வாங்கி ஏப்பம் விடவைத்துப் படுக்கவைக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொள்ளலாம். பிரசவத்துக்கு வந்த பெண்ணை விடியற்காலையில் இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கவிட்டு, பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். அம்மா தூங்கினால்தான் குழந்தைக்குப் பாதுகாப்பு!

சூடும் புகையும்

'குழந்தைக்குக் குளிரும்' என்று சென்னை வெயிலிலும் குல்லா, சாக்ஸ், கம்பளி என்று போர்த்துகிறோம். உடம்பு சூடேறுவதும் ஆபத்தே. வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வியர்வையாக இருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். கை கால் லேசாகச் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏ.சி. அறை என்றால் கனமான போர்வைக்குப் பதில் முழுக்கைச் சட்டை போதும். துணியில் சுற்றிப் படுக்கவைக்கும் வழக்கம் இருந்தால், புரளும் அறிகுறி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

குழந்தை தூங்கும் அறையில் சிகரெட், கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம். கொசுவலை போதும். வலை முகத்தில் படாமல் இழுத்துக் கட்டுங்கள்.

எப்போது பயப்படணும்?

தூங்கும் குழந்தை வேகமாக மூச்சுவிடும். 5 முதல் 10 விநாடி நிறுத்தும். பிறகு மறுபடி தொடங்கும். முதல் சில மாதங்களில் இது சாதாரணம். ஆனால் மூச்சு 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, உதடு நீலமானாலோ, உடம்பு துவண்டு போனாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 

விளக்கை அணைக்கும் முன்...

* மல்லாக்கப் படுத்திருக்கிறதா?
* படுக்கை சமமாக, கெட்டியாக இருக்கிறதா?
* தலையணை, பொம்மை, தளர்ந்த துணி எல்லாம் எடுத்தாச்சா?
* கழுத்தில் கயிறு, செயின் இல்லையே?
* கழுத்தின் பின்புறம் வியர்க்கவில்லையே?
* உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா?

ஆறுக்கும் சரியான பதில் கிடைத்ததா? நீங்களும் போய்த் தூங்குங்கள்!