அப்ஹாமின் வெண்கலச் சிலுவை

பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவையில் தங்கம் ஒரு குன்றிமணி அளவுகூடக் கிடையாது. முழுக்க வெண்கலம். 1856இல் அது நிறுவப்பட்ட நாளிலிருந்து லண்டனின் ஹான்காக்ஸ் நகைக்கடைதான் செய்கிறது. நாணயம்போல் அச்சில் அடிப்பதில்லை. உருக்கிய உலோகத்தை மணல் அச்சில் வார்த்து, கையால் செதுக்கி முடிக்கிறார்கள். செவாஸ்தபோலில் ரஷ்யரிடம் பிடித்த பீரங்கியின் உலோகம் அது என்று பல காலம் சொல்லிவந்தார்கள்.

இந்தச் சிலுவையை இரண்டு முறை வென்றவர்கள் மூவரே. இருவர் ராணுவ மருத்துவர்கள். மூன்றாமவர் நியூசிலாந்தின் ஆட்டுப்பண்ணைகளில் வேலை பார்த்த சார்லஸ் அப்ஹாம். 1941 மே மாதம் கிரீட் தீவில் காட்டிய துணிவுக்கு முதல் விருது. மன்னர் கையால் அதைப் பெறுவதற்குள் 1942 ஜூலை வந்துவிட்டது. எகிப்தின் ருவைசாத் மேட்டில், முழங்கையில் குண்டு பாய்ந்து கை முறிந்த பிறகும் தன் ஆட்களை விட்டு நகரவில்லை. மறுபடி அடிபட்டு, அசையமுடியாமல் கிடந்தபோது பிடிபட்டார். இத்தாலி, பிறகு ஜெர்மனி. பட்டப்பகலில் முள்வேலி ஏறித் தப்பப் பார்த்தவரை 1944இல் கோல்டிட்ஸ் கோட்டையில் அடைத்தார்கள். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை கோட்டையைத் திறந்தது. மே 11 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் பக்கிங்ஹாம் அரண்மனையில் அவருக்குச் சிலுவையை அணிவித்தார்.

இனி அந்த வெண்கலத்துக்கு வருவோம். பதக்கத்தைச் சுரண்டாமலே அதன் கலவையை அறிய முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். எக்ஸ் கதிர் படும்போது அணுவின் உள்வட்டத்து எலெக்ட்ரான் ஒன்று வெளியேறுகிறது. வெளிவட்டத்து எலெக்ட்ரான் அந்த இடத்துக்கு இறங்கி, மிஞ்சிய ஆற்றலை இன்னொரு எக்ஸ் கதிராக உமிழ்கிறது. அந்த ஆற்றலின் அளவு செம்புக்கு ஒன்று, வெள்ளீயத்துக்கு வேறொன்று, காரீயத்துக்கு மற்றொன்று. இப்படிச் சோதித்ததில் பதக்கங்களின் கலவை எல்லாக் காலத்திலும் ஒன்றாக இல்லை என்று தெரிந்தது. சீனப் பீரங்கிகளின் உலோகமும் பயன்பட்டிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சிலுவைகள் சிலவற்றில் இன்னொரு கலவை. ரஷ்யப் பீரங்கிக் கதை முழு உண்மை இல்லை.

இதனால் அப்ஹாமின் பதக்கம் சற்றும் குறைந்துவிடவில்லை என்பது என் துணிபு. வெண்கலத்தைக் கருவி படிக்கும். மனிதன் செய்ததை, கூட நின்றவர்கள்தான் சொல்லவேண்டும். இரண்டாவது விருது தகுமா என்று மன்னர் கேட்டபோது, அப்ஹாமின் தளபதி கிப்பன்பர்கர், அவர் அதைப் பல முறை வென்றவர் என்றே பதில் தந்தார். 1945 செப்டம்பரில் ருவைசாத்துக்கான விருது அறிவிக்கப்பட்டது. இரண்டாம் முறைக்குத் தனிச் சிலுவை இல்லை, அதே நாடாவில் ஒரு வெண்கலப் பட்டை மட்டும்.

அவருக்குப் பண்ணை வாங்கித்தர நியூசிலாந்தின் கேன்டர்பரி மக்கள் 10,000 பவுண்டு திரட்டினார்கள். அப்ஹாம் அதை ஏற்கவில்லை. அந்தப் பணம் போர்வீரர்களின் பிள்ளைகள் படிக்க உதவித்தொகையாயிற்று.