பூநாரை நிற்கும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு?

மார்கழி, தை மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை பழவேற்காட்டுக்கு வந்து இறங்கும் சென்னைக்காரர்களுக்கு இரண்டே கேள்விகள்தான். ஃபிளமிங்கோ எங்கே நிற்கும்? நல்ல நண்டு எங்கே கிடைக்கும்? இரண்டாவது கேள்விக்கு மீன் ஏலம் போடும் இடத்திலேயே பதில் கிடைத்துவிடும். முதல் கேள்விக்கு ஊர்க்காரர்கள் ஏரியின் வடக்குப் பக்கம் கை காட்டுவார்கள். வந்தவர்களும் தலைக்கு மேலே வட்டமிடும் செம்பருந்தையும், காலடியில் ஓடும் உள்ளானையும், வலைக்கம்பில் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகத்தையும் கண்டுகொள்ளாமல் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஃபிளமிங்கோ என்ற பூநாரை அழகுதான், அதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அதற்காகவே வந்து அதை மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறவருக்குப் பழவேற்காட்டில் முக்கால்வாசி தவறிவிடும்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது இந்த ஊர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வருகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமான மணல்தீவாக ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. தெற்கிலிருந்து ஆரணி ஆறும் மேற்கிலிருந்து காளங்கி ஆறும் நன்னீர் கொண்டுவருகின்றன; முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு குறைந்து, சித்திரை, வைகாசி வெயிலில் உப்பு ஏறி, வருடம் முழுக்க ஏரித் தண்ணீரின் குணம் மாறிக்கொண்டே இருக்கும். இறாலும் மடவையும் நண்டும் அந்த மாற்றத்தை நம்பித்தான் வாழ்கின்றன, பறவைகளும் அப்படித்தான்.

படகுகள் கரை சேரும் நேரத்தில் போய் நின்றால் பறவை பார்க்க பைனாகுலரே வேண்டாம். வலையை உதறும்போது சிதறும் பொடிமீனுக்குக் காக்கையும் வெள்ளைக் கொக்கும் கையெட்டும் தூரத்தில் காத்திருக்கும். அவற்றோடு கருஞ்சாம்பல் நிறத்திலும் ஒரு கொக்கு நிற்கலாம். உள்நாட்டு ஏரி குளங்களில் எளிதில் பார்க்க முடியாத கரைக்கொக்கு அது. அழுக்குப் படிந்த வெள்ளைக் கொக்கு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். படகின் விளிம்பில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மண் நிறத்தில் அசையாமல் இருப்பது மடையான். அது பறக்கும்போதுதான் இறக்கை வெள்ளை என்பதே தெரியும். மேலே செம்பருந்து, வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடலுமாக. கருடன் என்று அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தக் கருடன் அடுத்த நொடி தாழ இறங்கி, மிதக்கும் மீன்குடலைக் காலால் அள்ளிக்கொண்டு போகும். கும்பிட்டவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நீர்க்காகம் ஏன் எப்போது பார்த்தாலும் வலைக்கம்பின் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது? வாத்தின் இறகைப் போல அதன் இறகு தண்ணீரை முழுக்கத் தள்ளிவிடாது, நனைந்துபோகும். நனைந்த உடம்பு எளிதில் மூழ்கும் என்பதால் மீனைத் துரத்த அது வசதிதான். ஆனால் வெளியே வந்தால் உலர்த்தியாக வேண்டும். மீனவர் நட்ட கம்பு அதற்குப் பயன்படுகிறது.

தொழிலுக்குப் போகிறவர் பறவையைப் பார்ப்பதே வேறு விதம். ஆலாக்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாய்ந்தால் அங்கே பொடிமீன் மேலே வந்திருக்கிறது. பொடிமீன் மேலே வந்தால் பெரும்பாலும் அடியிலிருந்து பெரிய மீன் அதைத் துரத்துகிறது. கூழைக்கடாக்கள் சில சமயம் வரிசை கட்டி நீந்தி மீனை ஆழமில்லாத பக்கம் ஒதுக்கும். பிறகு பையைத் தண்ணீருக்குள் விட்டு அள்ளி, நீரை வடித்துவிட்டு விழுங்கும். சங்குவளை நாரை வாயைக் கொஞ்சம் திறந்து தண்ணீருக்குள் வைத்தபடியே நடக்கும். மீன் பட்டதும் மூடிக்கொள்ளும். கண்ணை நம்பாமல் தொடு உணர்வை நம்பும் பறவை என்பதால் கலங்கல் தண்ணீரிலும் அதற்குச் சாப்பாடு உண்டு. இந்தக் கணக்குகள் எதுவும் மீனவர் வீட்டில் பறவையியல் என்ற பெயரில் சொல்லிக்கொடுக்கப்படுவதில்லை.

மனிதர்களுக்குள்ளும் இங்கே மீன்பிடிக்க ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் ‘பாடு’ என்ற வழக்கத்தைக் காத்துவருகிறார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் இறாலுக்குச் சுத்துவலை கட்ட யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதைச் சீட்டுப்போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வது அது. ஏரியை ஆராய வந்தவர்கள் வியந்து எழுதிய ஏற்பாடு. இந்தப் பாடு முறைக்குள் வராத இருளர் பழங்குடியினருக்கு வலையே கிடையாது. இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கையாலும் சேற்றைத் துழாவி இறால் எடுப்பார்கள், பெண்கள் அதிகம். நீர் வற்றிய பக்கத்தில் அதே சேற்றைத் தம் அலகால் துழாவிக்கொண்டிருக்கும் சின்ன உள்ளான்கள்.

இந்தக் குட்டிப் பறவைகளிடம்தான் என் மனம் அதிகம் ஒட்டுகிறது. யாரும் இவற்றுக்காகப் பழவேற்காட்டுக்கு வருவதில்லை. கொசு உள்ளான் என்று ஒன்று: எடை சுமார் 25 கிராம், சிட்டுக்குருவி அளவுதான். வட துருவத்தை ஒட்டிய தூந்திரத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, பனி இறங்கும் முன் கிளம்பி இங்கே வந்து சேருகிறது. துருவத்திலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் மத்திய ஆசியப் பறவைப் பாதையில் நம் கடற்கரையும் ஒரு தங்குமிடம். மங்கோலியாவிலும் திபெத்திலும் இனப்பெருக்கம் செய்து, இமயமலையைக் கடந்து தெற்கே வரும் வரித்தலை வாத்தும் அந்தப் பாதையில் வருவதுதான். வாத்தைப் பற்றிக் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. உள்ளானைப் பார்த்தால் இன்றும் "ஏதோ குருவி" என்று சொல்லிவிட்டு நடக்கிறோம்.

இனி பூநாரைக்கு வரலாம். நிமிர்ந்து நின்றால் ஒன்றரை மீட்டர் வரை உயரம். காலின் நடுவில் பின்பக்கமாக மடங்குகிறதே, அது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்து வெளியே தள்ளும்; அலகோரத்துச் சல்லடையில் தங்கும் பொடி இறால், புழு, பூச்சி, பாசி ஆகியவைதான் உணவு. அந்த உணவில் இருக்கும் நிறமிதான் இறகைச் சிவக்க வைக்கிறது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் சில நின்றால் அவை இளசுகள், நிறம் ஏறச் சில ஆண்டுகள் ஆகும். சேற்றைக் காலால் மிதித்து மிதித்து ஒரே இடத்தில் சுற்றிவரும் பூநாரை நடனமாடவில்லை, அடியில் இருக்கும் இரையைக் கிளப்பிவிடுகிறது. இந்தியாவில் இவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் பாலைச் சதுப்பில். பழவேற்காட்டுக்கு வருவது சாப்பிடத்தான்.

சாப்பிட அதற்குத் தோதான ஆழம் வேண்டும். இங்கேதான் சுற்றுலா வந்தவரும் மீனவரும் ஒரே காட்சியை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். பூநாரையின் கால் இந்த ஏரிக்கு ஓர் அளவுகோல். ஏரியின் நடுவே ஆயிரக்கணக்கில் அது நடந்து திரிகிறது என்றால் அங்கே ஆழம் இல்லை. வந்தவருக்கு அது நல்ல படம். படகு ஓட்டுகிறவருக்கு அங்கே போனால் தரை தட்டும் என்ற செய்தி. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும், முகத்துவாரத்தில் சேரும் மணலும் ஏரியைத் தூர்த்துக்கொண்டே வருகின்றன. இன்று சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். முகத்துவாரம் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது, கோடையில் உப்பு கடல்நீரையே மிஞ்சும். ஊர்க்காரர்கள் தாங்களே மணலை வெட்டித் திறந்துவிட்ட காலங்கள் உண்டு. இருபுறமும் கற்சுவர் எழுப்பி நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கையாக இருந்தது.

ஏரி ஆழம் குறைந்தால் பூநாரைக்காவது லாபம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அந்தச் சாலையோரத்தில் நின்றே பூநாரை பார்க்கலாம். ஆனால் சாலைக்கு வடக்கே கடல்நீர் போய்வருவது குறைந்துவிட்டதால் கோடையில் பெரும்பரப்பு வெறும் உப்புத்தரையாகக் காய்ந்துகிடக்கிறது. அங்கே பூநாரைக்கும் வேலை இல்லை. முழங்காலளவு நீருக்கும் வறண்ட தரைக்கும் நடுவில் அதிக இடைவெளி கிடையாது.

சென்னை கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவ ராஜ் பல பத்தாண்டுகள் இந்த ஏரியோடு பழகி ஆராய்ந்தவர். ஏரியின் உயிரினங்களைப் பற்றிய அவருடைய நூலைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006-இல் வெளியிட்டது. பறவையை மட்டும் தனியாகப் பிரித்துக் காப்பாற்ற முடியாது என்பது இப்படி ஏரி முழுவதையும் எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழகப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஏரிக்கு அருகே ஆந்திரப் பக்கத்து நேலப்பட்டு குளத்து மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. அங்கிருந்து பறந்துவந்து இங்கே மீன் பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகின்றன. வேதுருபட்டு என்ற சிற்றூரில் சங்குவளை நாரைகள் வீடுகளுக்கு நடுவே இருக்கும் மரங்களிலேயே கூடு வைக்கின்றன. எச்சமும் மீன்நாற்றமும் வாசலில் விழுந்தாலும் ஊரார் விரட்டுவதில்லை. வேடந்தாங்கலையும் கூந்தன்குளத்தையும் அறிந்த நமக்கு இது புதிதல்ல. பறவைகளுக்கு இல்லாத மாநில எல்லை மனிதர்களுக்குத்தான். வலை போடும் எல்லை பற்றித் தமிழக, ஆந்திர மீனவர்களுக்குள் மோதல்களே நடந்திருக்கின்றன.

ஆபத்து தெற்கிலிருந்தும் வருகிறது. எண்ணூர் அனல் மின்நிலையங்கள், எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் எல்லாம் ஏரிக்கு அருகிலேயே. காட்டுப்பள்ளி விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் தொடர்ந்து எதிர்த்து வருகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்துத் தவித்ததைப் பத்திரிகைகளில் பார்த்தோம். அதே எண்ணெய் மீனவர் வலையிலும் படகிலும்கூட ஒட்டியிருந்தது. கூழைக்கடா படம் பரவிய அளவுக்கு வலையின் படம் பரவவில்லை என்பது என் ஆதங்கம்.

இதைவிடச் சின்ன, ஆனால் நம் கையிலேயே இருக்கும் தொல்லை ஒன்று உண்டு. பூநாரைக் கூட்டம் ஒன்றாக எழும்பிப் பறக்கும் படத்துக்காக மோட்டார் படகை அதன்மேல் விடச் சொல்கிறவர்கள். தலையைக் கவிழ்த்து நின்று பொடி இரையாகச் சலித்துச் சேர்த்த சக்தியை நம் ஒரு ரீலுக்காக அது செலவழிக்க வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 25-இல் இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அதை மீறச் சொல்லிப் படகுக்காரரிடம் பேரம் பேசுவது பறவைக்கும் கேடு, பேசுகிறவருக்கும் கேடு.

கரையில் நின்றே பாருங்கள். காலை ஆறரை மணிக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறினால் கானலில் பூநாரைகூட வெறும் வெள்ளைக் கோடுதான். பார்த்ததை எண்ணவும் செய்யலாம். 2015-இலிருந்து ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். எங்கிருந்தாலும் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளையெல்லாம் எண்ணி ஈபேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். அதற்குப் பழவேற்காடு வரை வரவும் தேவையில்லை, மொட்டைமாடி போதும். பழவேற்காட்டுக்கே வருவதாக இருந்தால், பூநாரைக்கு முன்னால் வலைக்கம்பையும் சேற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பட்டியலில் காக்கையையும் மடையானையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.