ஓட்டையை அடைக்கும் முன்: பழைய வீட்டு மரமும் எபாக்சியும்

புதுச்சேரியின் பழைய வீடுகளில் மரம் அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. தமிழர் பகுதியில் தெருவைப் பார்த்த தாழ்வாரத்தின் கூரையை மரத்தூண்கள் தாங்குகின்றன. முற்றத்தைச் சுற்றிய தூண், நிலைவாசல், மாடித்தளத்துக்கு அடியில் ஓடும் தேக்கு உத்திரம் என எடையைச் சுமப்பதும் மரமே. பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் வீடுகளிலும் கதவு, ஜன்னல், மாடிப்படி எல்லாம் மரம். உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் கரையானும் இந்த மரத்தை ஆண்டாண்டாக அரிக்கின்றன. கணு கழன்று விழுகிறது, வெடிப்பு விரிகிறது, ஓட்டை தெரிகிறது.

இதற்கு இப்போது பலரும் நாடுவது எபாக்சி. பிசின் ஒரு டப்பா, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு டப்பா. இரண்டையும் கலந்து ஊற்றினால் சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். இழைத்து பாலிஷ் போட்டால் ஓட்டை இருந்த இடமே தெரியாது. இடம் தெரிந்து பயன்படுத்தினால் நல்ல பொருள். ஆனால் ஓட்டை தெரியாமல் போவதும் மரம் சரியாவதும் ஒன்றல்ல. வீட்டுக்காரரின் பணமும் பாதுகாப்பும், தச்சரின் உடல்நலமும் அந்த வேறுபாட்டில்தான் இருக்கின்றன.

எந்த ஓட்டைக்கு எபாக்சி?

கதவுப் பலகை, மேசை, அலமாரி, ஜன்னல் சட்டம் ஆகியவற்றில் கணு விழுந்த குழி, பழைய ஆணி ஓட்டை, தாழ்ப்பாள் கழற்றிய இடம், சிறு வெடிப்பு இவற்றுக்கு எபாக்சி பொருந்தும். கணு ஆடினால், அதைச் சுற்றியுள்ள இடைவெளியில் நீர்த்த எபாக்சியை ஊற்றி நிலைநிறுத்தலாம்.

எடை தாங்கும் மரத்துக்கு இந்த வழி போதாது. தூணின் அடிப்பாகம், உத்திரத்தின் சுவருக்குள் புதைந்த முனை, மாடிப்படியின் பக்கச்சட்டம் ஆகிய இடங்களில் ஓட்டை தெரிந்தால் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சிரமமில்லாமல் உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. தட்டிப் பாருங்கள்; பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. ஓட்டைக்கடியில் மாவு போன்ற புதுத்தூள் கொட்டியிருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கக்கூடும். மண்கோடு ஏறியிருந்தால் கரையான். இப்படிப்பட்ட மரத்தின் மேல்வாயை மூடுவது நோயை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டு நிறுத்த வேண்டும். பூச்சிக்கு மருந்து வைக்க வேண்டும். பிறகு கட்டடப் பொறியாளர் பார்த்து, உளுத்த பகுதியை அறுத்தெடுத்து அதே வகை மரத்தைச் செருகுவதா, முழு மரத்தையும் மாற்றுவதா என்று சொல்ல வேண்டும்.

இது மிகையான எச்சரிக்கை அல்ல. கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம், பல ஆண்டுகள் சரியான பராமரிப்பின்றி நின்று, 2014 நவம்பர் மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். இதற்கு மாறான உதாரணமும் இதே ஊரில் உண்டு. வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளைத் திண்ணை, தாழ்வாரத்தோடு பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் முறையாகச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. உங்கள் வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று திட்டக் குழுமத்தில் விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வேலையில் நேரும் தவறுகள்

பிசினும் ஹார்டனரும் டப்பாவில் சொன்ன அளவிலேயே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால், வினைபுரியாத மிச்சம் உள்ளேயே தங்கி, பூச்சு பிசுபிசுப்பாகவும் வலுவில்லாமலும் நிற்கும்.

எபாக்சி இறுகும்போது தானே சூடாகும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் கையாளக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை வெயிலில் ஒரே டப்பாவில் நிறையக் கலந்தால் கொதித்துப் புகையும், கை வெந்துபோகலாம். கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். ஆழமான குழியை ஒரே தடவையில் நிரப்பாமல் அடுக்கடுக்காக ஊற்றுங்கள். ஈர மரத்தில் எபாக்சி சரியாகப் பிடிக்காது. மழை ஓய்ந்து மரம் நன்றாகக் காயும்வரை பொறுங்கள். வெயில் பட்டால் எபாக்சி மஞ்சளாகிப் பொரியும் என்பதால், வெளிவாசல் கதவில் அதன்மேல் வெயில் தாங்கும் வார்னிஷோ பெயிண்டோ கட்டாயம்.

தச்சரின் தோலும் மூச்சும்

இறுகாத பிசினும் ஹார்டனரும் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். விரலிடுக்கில் அரிப்பு, சிவப்பு, கொப்புளம், இமை வீக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். ஒருமுறை வந்துவிட்டால் அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கும். பிறகு சிறு துளி பட்டாலும் தோல் கிளம்பும். கைத்தொழிலை நம்பி வாழ்பவருக்கு இது பிழைப்பையே பறிக்கும் நோய்.

சாதாரண ரப்பர் கையுறை போதாது, நைட்ரைல் கையுறை வேண்டும். கையில் பட்டால் தின்னரால் துடைக்காதீர்கள். அது பிசினைத் தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். முழுதாக இறுகாததை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். இறுகியதைத் தேய்க்கும்போதும் என்95 முகக்கவசம் அணியுங்கள். மரத்தூளே புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தூசுக்கவசம் ஆவியைத் தடுக்காது என்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மிச்சப் பிசினைப் பெரிய வாய்க்காலிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள்; இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

கையுறையும் கவசமும் வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. தோல் பிரச்சினை தொடர்ந்தால் ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் தோல் பிரிவில், என்ன பொருளைக் கையாள்கிறீர்கள் என்று சொல்லிக் காட்டுங்கள். கட்டுமான வேலையில் இருக்கும் தச்சர்கள், 18 முதல் 60 வயதுக்குள், முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்திருந்தால் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

வாங்குபவரின் உரிமை

பழைய தேக்குக் கதவு என்று விலை கொடுத்து வாங்குகிறீர்கள். பாலிஷுக்கு அடியில் பாதி எபாக்சி. உத்திரத்தைப் பழுதுபார்த்தோம் என்று ஒப்பந்ததாரர் பணம் வாங்குகிறார். உள்ளே உளுப்பு அப்படியே. இரண்டையும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது அந்தச் சட்டப்படி சேவைக் குறைபாடு. பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம். எபாக்சி டப்பாவிலும் தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை இருக்க வேண்டும். பெயரில்லாத பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

வேலை தொடங்கும் முன் எந்த மரம், எங்கே எபாக்சி, எங்கே புதுமரம், எவ்வளவு காலம் உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். அடைக்கும் முன் ஒவ்வொரு ஓட்டையையும் போட்டோ எடுங்கள்.

ஏமாற்றப்பட்டால்

முதலில் குறையை எழுதி, சரிசெய்யக் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும்; 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கதவைக் காரைக்குடியில் வாங்கியிருந்தாலும், புதுச்சேரியில் வசிப்பவர் புதுச்சேரி ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். தேவைப்பட்டால் மரத்தை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடும். பிரச்சினைக்குரிய துண்டைத் தூக்கி எறியாதீர்கள். லாபத்துக்காக நடத்தும் விருந்தினர் இல்லங்களுக்கு வாங்கும் பொருளும் சேவையும் பொதுவாக இந்தச் சட்டத்தில் வராது. அவற்றை நடத்துபவர்கள் எழுத்து ஒப்பந்தத்தில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசம்.

வீட்டுக்காரர்களே, ஓட்டையை அடைக்கச் சொல்லும் முன் அது எப்படி வந்தது என்று கேளுங்கள். தச்சர்களே, எடை தாங்கும் மரத்துக்கு எபாக்சி போதாது என்றால் அதைத் துணிந்து சொல்லுங்கள், கையுறையில்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் உங்கள் வீட்டுத் தூணின் அடியையும் உத்திரத்தின் முனையையும் ஒருமுறை குத்திப் பார்த்துவிடுங்கள்.