வேகம் கூட்டுகையில் அணைந்துபோகும் மோட்டார்

கண்ணமங்கலத்திலிருந்து ஜவ்வாது மலைப்பக்கம் சுமையுடன் ஏறும் பழைய பெட்ரோல் வண்டி, ஏற்றத்தில் அணைந்துவிட்டால் பின்னோக்கி உருளும் அபாயமுண்டு. ஆதலின், நிற்கையில் சீராக ஓடும் எஞ்சின் ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் அணையுமாயின், மலையேறுமுன் அதனைச் சோதித்தல் அவசியம்.

மிதித்தவுடன் காற்று விரைந்து உட்புகும். காற்றினும் கனமான பெட்ரோலோ சற்றுப் பின்தங்கும். அக்குறையை நிரப்ப, பெரும்பாலான கார்புரேட்டர்களில் ஒரு சிறு பம்பு அத்தருணத்தில் பெட்ரோலைப் பீச்சும். அதன் சவ்வு கிழிந்தாலும், பீச்சும் துவாரம் அடைபட்டாலும் எஞ்சின் அணையும்.

சோதிக்கும் முறையாவது: எஞ்சினை நிறுத்தி நன்கு ஆறவிடுக. காற்று வடிகட்டியைக் கழற்றி, திராட்டிலைக் கையால் திறந்து, கார்புரேட்டரின் வாயினுள் நோக்குக. பகல் வெளிச்சமே போதும். பீடி, விளக்கு முதலிய நெருப்பு அருகில் வரலாகாது. திறந்த கணமே மெல்லிய தாரை பாயுமாயின் பம்பிற் பழுதில்லை. பாயாவிடில், மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் உளதா என்று முதலிற் பார்த்தல்வேண்டும். இருப்பின், துவாரத்தைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்க. கம்பியாற் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும். கிழிந்த சவ்வை மாற்றுதலே பரிகாரம்.

தாரை சரியாயிருந்தும் எஞ்சின் அணையுமாயின், கார்புரேட்டரின் அடி கேஸ்கட்டிலும் வேக்குவம் குழாயிலும் காற்றுக் கசிவு உண்டோவெனப் பார்க்க. அதன்பின் பொறி பற்றும் டைமிங்கைச் சரிபார்க்கலாம்.

சிலர் நிற்கையில் ஓடும் வேகத்தை உயர்த்தி இக்குறையை மறைப்பர். அதனால் பெட்ரோல் வீணாகுமேயன்றிப் பழுது நீங்காது.