சுதந்திர தினத் தோரணம் நம்ம தோட்டத்திலேயே இருக்கு

ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், பால் சொசைட்டி என்று ஊரில் நாலைந்து இடங்களில் கொடி ஏற்றுகிறோம். கிராம சபையும் அன்றைக்குக் கூடுகிறது. மிட்டாய் கொடுத்துக் கூட்டம் கலைந்த பிறகு, அங்கே கட்டிய பிளாஸ்டிக் தோரணம் என்ன ஆனது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடிக் காற்று அதை அறுத்துக்கொண்டு போய் வேலியிலும் வாய்க்காலிலும் போடும். கடைசியில் நம்ம வயலுக்குத்தான் வந்து சேரும்.

மேய்கிற மாடு எதையும் பிரித்துப் பார்த்துத் தின்னாது. நாக்கால் வளைத்து இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். பிளாஸ்டிக் செரிக்காமல் முதல் வயிற்றிலேயே தங்கிவிடும். சட்டையில் கொடி குத்துகிற குண்டூசி இன்னும் ஆபத்து. அது இரண்டாம் வயிற்றில் போய்த் தங்கும். அந்த வயிற்றுக்கு முன்னால்தான் மாட்டின் இதயம் இருக்கிறது. ஊசி குத்திக்கொண்டு அதுவரை போய்விட்டால் மாட்டைக் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கொடிக்குத் தடை இருக்கிறது. நாடு முழுவதற்கும் 2022 ஜூலை 1 முதல் தடை வந்தது. அலங்காரத்துக்கான தெர்மோகோலும் அந்தப் பட்டியலில் உண்டு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதிகளின்படி தேசியக் கொடியைத் தோரணமாகவோ வேறு எந்த அலங்காரமாகவோ பயன்படுத்தக் கூடாது. குட்டிக் குட்டிக் கொடிகளைக் கயிற்றில் கோத்துக் கட்டுகிறோமே, அது பேப்பரில் இருந்தாலும் விதிக்குப் புறம்பானதுதான். கொடிமரத்தின் உச்சியில் பூவோ மாலையோ வைக்கக் கூடாது. ஆனால் ஏற்றும் கொடிக்குள் பூவிதழ்களை மடித்து வைக்கலாம், அதற்கு அனுமதி உண்டு.

ஆகவே கம்பத்தில் ஏறுவது ஒரு கொடி போதும். சுற்றியுள்ள இடத்தை ஓலை, இலை, பூ, மாவு கொண்டு அழகுபடுத்தலாம். அதற்கு நாலு வழி சொல்கிறேன்.

1. தென்னை ஓலை, மாவிலைத் தோரணம்

தோரணம் என்றதும் குருத்தோலையை வெட்டப் போக வேண்டாம். காய்க்கிற மரத்தில் குருத்துப் பக்கம் காயம் பட்டால் அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்துவிடும். ஓர் அலங்காரத்துக்காக மரத்தையே இழக்க வேண்டாம். அடி மட்டையின் பச்சை ஓலையே போதும். காற்றில் சாய்ந்த மரம் இருந்தால் அதன் குருத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஓலையிலிருந்து ஈர்க்கைக் கிழித்துத் தனியாக வையுங்கள். ஓலைத் துண்டைத் தேங்காய் நார்க் கயிற்றின் மேல் மடித்துப் போட்டு, ஒடித்த ஈர்க்குத் துண்டால் குத்தி நிறுத்துங்கள். இரண்டு ஓலைக்கு நடுவே ஒரு முற்றிய மாவிலையை அதே மாதிரி காம்புப் பக்கம் மடித்துக் குத்தவும். ஸ்டேப்ளர் பின், கம்பி எதுவும் வேண்டாம். நாளைக்கு இது மாட்டின் வாய்க்குப் போனாலும் பயமில்லை.

2. மூவண்ணப் பூச்சரம்

காவிக்குச் செண்டுமல்லி, வெள்ளைக்கு நந்தியாவட்டை அல்லது சம்பங்கி, பச்சைக்கு மரிக்கொழுந்து அல்லது துளசி. தண்ணீரில் நனைத்த வாழை நாரில் கட்டினால் சரம் நழுவாது. வாசல் நிலை, மேடை ஓரம், கரும்பலகை என்று எங்கும் தொங்கவிடலாம்.

செண்டுமல்லியை வைகாசியில் விதைத்தால் ஆடிக் கடைசியில் பூ கிடைக்கும். தக்காளி, மிளகாய் வயலைச் சுற்றி ஓரப் பயிராகப் போட்டால் வேரைத் தாக்கும் நூற்புழு குறையும், காய்ப்புழுவின் தாய்ப்பூச்சியும் பூவைத் தேடிப் போகும். அதாவது பயிர்ப் பாதுகாப்புக்கு நட்ட செடியே பண்டிகைக்கும் பூ கொடுக்கிறது. உதிர்ந்த இதழ்களைக் கொடிக்குள் வைக்க எடுத்துக்கொள்ளலாம்.

3. தோட்டத்து வண்ணத்தில் கோலம்

கடையில் விற்கும் பளபளப்பு வண்ணப் பொடி எதுவும் தேவையில்லை. கொரகொரப்பாக அரைத்த பச்சரிசி மாவு ஒரு படி எடுத்து மூன்று பங்காகப் பிரியுங்கள்.

ஒரு பங்கில் இரண்டு கரண்டி மஞ்சள் தூள் கலந்து, சுண்ணாம்புத் தெளிவு நீரைச் சொட்டுச் சொட்டாகத் தெளித்துப் பிசறுங்கள். மஞ்சள் நிறம் மெதுவாகச் சிவக்கும். ஆரத்தித் தட்டில் தினம் பார்ப்பதுதானே! காவி நிறம் வந்ததும் நிறுத்திவிட்டு நிழலில் உலர்த்துங்கள். சுண்ணாம்பு கூடினால் ரத்தச் சிவப்பாகிவிடும். இரண்டாம் பங்கு வெள்ளையாகவே இருக்கட்டும். மூன்றாவதில் நிழலில் உலர்த்திப் பொடித்த முருங்கை இலையைச் சலித்துக் கலந்தால் இளம்பச்சை வரும்.

ஒரு வேண்டுகோள். தரையில் சக்கரத்தோடு முழுக் கொடியை வரையாதீர்கள், ஆள் மிதித்துப் போகிற இடம். நம்ம வீட்டுப் புள்ளிக் கோலத்தையே மூன்று வண்ணத்தில் போட்டால் போதும். மறுநாள் மிச்ச மாவு எறும்புக்கும் குருவிக்கும்.

4. பிள்ளைகளுக்குப் பனையோலைக் காற்றாடி

பேப்பர் கொடிக்குப் பதிலாக இதைக் கையில் கொடுத்துப் பாருங்கள். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் இரண்டு ஓலைத் துண்டு. இரண்டையும் கூட்டல் குறி மாதிரி வைத்து, நான்கு நுனியையும் ஒரே பக்கமாகச் சற்று முறுக்கிவிடுங்கள். நடுவில் கருவேல முள்ளைச் செருகி, காய்ந்த சோளத்தட்டையில் குத்துங்கள். தட்டையின் சோற்றுப் பகுதி முள்ளைப் பிடித்துக்கொள்ளும். முள் முனை மறுபக்கம் நீட்டினால் ஒடித்துவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு இந்த வேலையைப் பெரியவர்களே செய்து கொடுக்க வேணும். ஓலையைக் காவி, பச்சைக் கரைசலில் தோய்த்தால் அதுவும் மூவண்ணம்தான்.

கொடி மட்டும் கதராக இருக்கட்டும்

2021 டிசம்பரில் விதியைத் திருத்தி, பாலியஸ்டர் கொடிக்கும் இயந்திரத்தில் நெய்த கொடிக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதுவரை கொடி என்றால் கையால் நூற்றுக் கையால் நெய்ததுதான். 1932 ஜனவரியில் அடி வாங்கியும் கொடியை விடாத திருப்பூர் குமரன், நெசவுக்குப் பேர் போன சென்னிமலையில் பிறந்தவர். ஒரு கதர்க் கொடி வாங்கினால் பருத்தி விவசாயிக்கும் நெசவாளிக்கும் பணம் போகிறது. மடித்துப் பத்திரமாக வைத்தால் பல வருஷம் வரும். கிழிந்துபோனால் குப்பையில் போடாமல், தனியிடத்தில் மரியாதையோடு எரித்துவிட வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது.

விழா முடிந்ததும் ஓலை, இலைகளை நறுக்கி மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள். பூவும் நாரும் மக்குக் குழிக்கு. கயிற்றைச் சுருட்டி வைத்தால் அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

கிராம சபை அதே நாளில் கூடுவதால் இன்னொரு வேலையும் செய்யலாம். பள்ளி விழா, கோயில் திருவிழா, கல்யாணம் எதற்கும் நம்ம ஊரில் பிளாஸ்டிக் தோரணம் கட்டுவதில்லை என்று ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். எதிர்ப்பு வந்தால், பந்தலில் கட்டியிருக்கும் ஓலைத் தோரணத்தைக் காட்டிப் பேசுங்கள்.